மாணவர் நலத் திட்டம்: பள்ளி நாளுக்குள் அமைக்கும் முறை

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவர் நலம் குறித்து வந்து சேரும் ஏற்பாடுகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை, மாணவியருக்குப் ‘புதுயுகம்’ திட்டத்தின் நாப்கின், கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும், ‘மாணவர் மனசு’ பெட்டி, சுவரில் எழுதப்பட்ட 14417, 1098 ஆகிய உதவி எண்கள், ‘மகிழ் முற்றம்’ குழுக்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையிலிருந்து, தனித்தனிச் சுற்றறிக்கையாக, தனித்தனிப் பதிவேட்டுடன் வருவதால், அவை அத்தனையும் ஒரே பிள்ளையை மனத்தில் கொண்டே வருகின்றன என்பது பள்ளியின் அன்றாட நெருக்கடியில் மறந்துபோகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரங்களாக யாருடனும் பேசாமல் ஒடுங்கியிருக்கிறாள் என்றால், அதைக் கவனிக்க வேண்டியவர் யார், கவனித்தவர் யாரிடம் சொல்ல வேண்டும், கேட்டுக்கொண்டவர் அன்று மாலைக்குள் என்ன செய்ய வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வைத்திருக்கும் பள்ளியிலேயே மாணவர் நலத் திட்டம் இருக்கிறது எனலாம். அந்த விடைகளைப் பள்ளி தன் கையில் உள்ள ஆட்களையும் நேரத்தையும் கொண்டே எப்படி உருவாக்கிக்கொள்வது என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

மாணவர் நலம் என்பது இங்கு நோயின்மையை மட்டும் குறிக்கவில்லை. பசியும் தூக்கக் குறைவும் இல்லாத உடல், பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தாத மனம், அடி, அவமானம், பாலியல் தொல்லை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு, தனக்கும் இந்தப் பள்ளியில் ஓர் இடமுண்டு என்னும் உணர்வு ஆகிய நான்கையும் சேர்த்தே அது குறிக்கிறது. வாழ்நாளில் தோன்றும் மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் வயது அது. ஆயினும் பெரும்பாலான பள்ளிகளின் கவனமெல்லாம் பத்தாம் வகுப்பின் மீதே குவிந்திருக்கிறது.

பள்ளி நாளைப் பரிசோதித்தல்

நலத் திட்டத்தின் முதல் வேலை, சிறப்புப் பேச்சாளரை அழைப்பதோ யோகா நாளுக்குத் தேதி குறிப்பதோ அன்று. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் முழு நாளை, எழும் நேரம் முதல் உறங்கும் நேரம் வரை, ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே முதல் வேலை. கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவர் எட்டு மணிச் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டுமானால் ஆறரை மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கும். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் அந்நேரத்துக்கு உலை கொதித்திருக்காது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டது. உயர்நிலை வகுப்புகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஆகவே இந்த மாணவரின் நாளில் முதல் உணவு மதியச் சத்துணவாகவே இருக்கக்கூடும். மூன்றாம் பாடவேளையில் அவர் மேசையில் தலை சாய்ப்பதைச் சோம்பல் என்று ஆசிரியர் எண்ணினால், அங்கே ஒரு பசி தண்டனைக்குரிய குற்றமாக மாறிவிடுகிறது. காலைச் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றுவது, அது இயலாதபோது பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாகவோ முன்னாள் மாணவர்களின் வழியாகவோ சுண்டல், பொட்டுக்கடலை போன்ற எளிய உணவுக்கு ஏற்பாடு செய்வது ஆகிய இரண்டும் எந்த மனநலச் சொற்பொழிவையும்விட விரைவாகப் பலன் தருவன.

இரும்புச்சத்து மாத்திரையும் இந்தப் பசியோடு தொடர்புடையது. பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கு வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் வயிற்று வலியும் வரக்கூடும்; அதை ஒருமுறை அனுபவித்த மாணவி அடுத்த வாரம் மாத்திரையைத் தாவணி முடிச்சிலோ சன்னல் ஓரத்திலோ விட்டுவிடுவதில் வியப்பில்லை. மதிய உணவு முடிந்து கை கழுவும் இடத்தில், வகுப்பாசிரியர் தாமும் உடன் நின்று மாத்திரையைக் கொடுப்பதும், மலம் கறுத்துப் போவது இயல்பானதே, அஞ்சத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும் போதுமானவை. இரத்தசோகையால் வரும் களைப்பு, கவனக் குறைவு, எரிச்சல் ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்களோடு பெரிதும் ஒத்திருப்பதால், ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று முத்திரை குத்தப்பட்ட மாணவிக்கு முதலில் தேவைப்படுவது இரத்தப் பரிசோதனையாகவும் இருக்கலாம்.

கழிப்பறையைத் தலைமை ஆசிரியர் நேரில் சென்று பார்ப்பது அடுத்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத, நாப்கினைப் போட மூடியுள்ள கூடை இல்லாத கழிப்பறையை மாணவியர் பயன்படுத்த மாட்டார்கள். அதைத் தவிர்ப்பதற்காகக் காலை முதல் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள். அதன் விளைவாகத் தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் வரும். மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கே வர மாட்டார்கள். இந்தச் சங்கிலியை வருகைப் பதிவேட்டிலேயே காணலாம். ஒரே மாணவி ஏறத்தாழ ஒரே இடைவெளியில் ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் வராதிருந்தால், காரணம் பெரும்பாலும் கழிப்பறைக் கதவில்தான் இருக்கும். நூறு ரூபாய்க்குள் முடியும் தாழ்ப்பாள் வேலைக்கு நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பது நியாயமன்று.

கால அட்டவணையில் உடற்கல்விக்கு என்று எழுதப்பட்ட பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கமும் இங்கே சேர்த்து நோக்கத்தக்கது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளை ஏட்டில் மட்டுமே இருக்கும் பள்ளிகள் உண்டு. வளரிளம் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவம் கூறுகிறது. அதைக் குறைத்துக்கொண்டு, உடல் அசையும் ஒரே நேரத்தையும் இழந்த மாணவரிடம் கவனத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. உடற்கல்விப் பாடவேளையை வேறு ஆசிரியர் எடுக்கலாகாது என்பதை வாய்மொழி அறிவுரையாக விடாமல், தலைமை ஆசிரியரின் கையொப்பமிட்ட ஆணையாகவே அறிவிப்புப் பலகையில் இடுவது நல்லது.

பொறுப்பை ஏற்பவர் யார்

மாணவர்களின் மனநலப் பணியை ஆசிரியரே செய்யலாமா, தனி ஆள் வேண்டுமா என்னும் கேள்விக்கு இந்தியாவிலேயே கிடைத்த தெளிவான சான்று ஒன்று உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்னும் பெயரில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. சில பள்ளிகளில் உளவியல் நிபுணர் அல்லாத, ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். சில பள்ளிகளில் அதே பணி அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்றவற்றில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்புகள் மட்டுமே நடந்தன. சுவரிதழ், மாணவர் கருத்துப் பெட்டி, மாணவர் குழுக்கள், பயிலரங்குகள், தனிப்பட்ட ஆலோசனை என்று செயல்பாடுகள் ஒன்றாகவே இருந்தும், தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில்தான் மனச்சோர்வும் சக மாணவரைத் துன்புறுத்துவதும் வன்முறையும் குறைந்து, பள்ளிச் சூழல் மேம்பட்டது. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை.

இதை ஆசிரியர்களின் அக்கறையின்மைக்குச் சான்றாகக் கொள்வது தவறு. பாடம் முடிக்க வேண்டியவர், தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பிரம்பு கையிலில்லாவிட்டாலும் மதிப்பெண் கையில் உள்ளவர் ஆகிய மூன்று நிலைகளிலும் இருக்கும் ஒருவரிடம் மாணவர் மனம் திறப்பது இயல்பாகவே கடினம். நாங்குநேரியில் 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உடன்பயிலும் மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று 2024-இல் தந்த அறிக்கையில் பரிந்துரைத்ததும் இந்தத் தேவையை உணர்ந்தே எனலாம். தனி அலுவலர் வேண்டும் என்பதை ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவும் தீர்மானமாக நிறைவேற்றி மேலே அனுப்புவது தகும்.

அதுவரை பள்ளி காத்திருக்க முடியாது. 2020-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்க இடமளிக்கிறது. இவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பணிமூப்பு பார்க்காமல், இடைவேளையில் பிள்ளைகள் தாமாகப் போய்ச் சூழ்ந்துகொள்வது யாரை என்று பார்ப்பது சிறந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொறுப்பானவரை இதற்கு அமர்த்தவே கூடாது. பொறுப்பை ஏற்பவருக்கு வாரத்தில் குறைந்தது மூன்று பாடவேளைகளைக் குறைத்து, அந்நேரத்தில் அவர் எங்கே அமர்ந்திருப்பார் என்பதை மாணவர் அனைவருக்கும் தெரிவித்து, அந்த அறையில் பேசுவது வெளியே கேட்காமலும், பேசுபவர்கள் வெளியிலிருந்து பார்வைக்குத் தெரியும்படியும் இடத்தை அமைக்க வேண்டும். பாடவேளையைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கூட்டுவது நாலந்தாவில் பலிக்காததை மறுபடியும் செய்து பார்ப்பதாகவே முடியும்.

கவனித்தலும் பேசுதலும்

கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான எமிஸின் வருகைப் பதிவு நலப் பொறுப்பாளருக்கு மிக எளிய கருவி. தொடர்ந்து மூன்று நாள் வராதவர், திங்கட்கிழமைகளில் மட்டும் வராதவர், நல்ல வருகையிலிருந்து திடீரெனச் சரிந்தவர் ஆகியோரின் பெயர்களை வெள்ளிதோறும் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பெறலாம். இவற்றோடு, மதிய உணவில் தனியே அமர்தல், கையெழுத்து சிதைதல், முழுக்கைச் சட்டையை வெயிலிலும் கழற்றாமல் இருத்தல், தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவையும் கவனத்துக்குரியவை. ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மாற்றமே பொருட்படுத்தத் தக்கது. உயிரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

பேச்சைத் தொடங்குவது பலருக்கும் தயக்கம் தரும் கட்டம். ‘உனக்கு என்ன பிரச்சினை?’ என்னும் கேள்வி விசாரணையாகவே காதில் விழும். கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்குவதே பொருந்தும்: “நாலு நாளா மதியம் சாப்பிடாம தனியா உக்காந்திருக்கியேம்மா, பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். மனசுக்கு ஏதும் கஷ்டமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அமைதியாக இருப்பது அவசியம். அந்த மௌனம் நீண்டாலும் அறிவுரையால் அதை நிரப்பக் கூடாது. “இதெல்லாம் ஒரு விஷயமா?”, “உங்க அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார் தெரியுமா?” என்னும் இரு தொடர்களும் நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுபவையே, ஆயினும் திறக்க முயலும் வாயை அவற்றைப்போல் அடைப்பவை வேறில்லை. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்” என்று மாணவி கேட்டால் அந்த வாக்குறுதியைத் தரலாகாது, “உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லியே ஆகணும்மா, யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்லுவேன்” என்று முன்னரே உண்மையைச் சொல்லிவிடுவது நம்பிக்கையைக் குலைக்காது.

‘மாணவர் மனசு’ பெட்டியைக் குறிப்பிட்ட கிழமையில், ஒருவர் தனியாக அன்றி இருவராகத் திறந்து, பெயர் வெளியிடாமல், எந்தக் கோரிக்கைக்கு என்ன செய்யப்பட்டது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவர வேண்டும். குடிநீர்க் குழாய் பற்றிய புகாருக்கு ஒரு வாரத்தில் பதில் கிடைத்ததைக் கண்ட மாணவியே அதனினும் பெரிய துயரத்தைப் பெட்டியில் எழுதிப்போடத் துணிவாள்.

வகுப்பில் கற்பிக்கும் முறையிலும் கவனம் தேவை. ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ‘செயில்’ ஆய்வில், மாணவர்கள் தம் வாழ்வில் நேரும் சிக்கல்களைத் தாமே நடித்துப் பார்த்துப் பேசிய நிகழ்ச்சி தற்கொலை முயற்சிகளைக் குறைத்தது. ஆசிரியர்களுக்கு அடையாளம் காணும் பயிற்சி மட்டும் அளித்த முறை அத்தகைய பலனைத் தரவில்லை. பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எல்லா மாணவர்க்கும் மனவொருமைப் பயிற்சி அளித்துப் பார்த்த மற்றோர் ஆய்வு, அது வழக்கமான வகுப்புகளைவிடச் சிறந்த பலனைத் தரவில்லை என்று 2022-இல் தெரிவித்தது. ஆகவே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கண்மூடி அமர்வதால் கேடில்லை என்றாலும், அதையே மனநலத் திட்டம் எனக் கணக்கில் காட்டுவது சரியன்று.

அவமானத்தைத் தவிர்த்தல்

கல்வி உதவித்தொகைக்கான படிவத்தை நிரப்பும் நாளில் ‘இந்தச் சாதிக்காரர்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்’ என்று வகுப்பில் சொல்லப்படும் ஒற்றை வாக்கியம், ஓராண்டு நலப்பணியை அழித்துவிடும். சந்துரு குழு இதைத் தெளிவாகவே கண்டது: வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கலாகாது, ஆசிரியர் சாதியைச் சுட்டிப் பேசலாகாது, உதவித்தொகைச் செய்தியை மாணவரைத் தனியே அழைத்தே தெரிவிக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் மகிழ் முற்றக் குழுக்களை அமைக்கையில் ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவில் திரளாமல் பார்த்துக்கொள்வதும், வகுப்பில் இருக்கை வரிசையை மாதந்தோறும் மாற்றுவதும் செலவில்லாத வழிகள்.

மதிப்பெண்ணால் வரும் அவமானமும் இதற்குக் குறைந்ததன்று. மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பைத் தமிழ்நாடு 2017-இலேயே கைவிட்டது. அரசு கைவிட்டதைப் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் பலகையாக மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. அடியைப் பொறுத்தவரை சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

நெருக்கடியில் செல்லும் வழி

பள்ளியின் எல்லைக்குள் தீராத துன்பத்தை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே பரிந்துரை வழி எனப்படுகிறது. இதை ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவைப்பது இன்றியமையாதது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண் இரவு பகலாகத் தமிழில் இயங்குகிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. கல்வி வழிகாட்டலுக்கு 14417. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ‘சிநேகா’வின் எண் 044-24640050. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஒருமுறை நேரில் சென்று, எந்தக் கிழமையில் யாரைப் பார்க்கலாம் என்று அறிந்துவந்து தாளில் சேர்க்க வேண்டும். முன்பின் தெரியாத மருத்துவமனைக்குப் பெற்றோரைச் சீட்டு கொடுத்து அனுப்பினால் பலர் பேருந்து நிலையத்தோடு திரும்பிவிடுவர்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்குமோ என்று ஐயுற்றால், அதை நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்னும் ஆறுதலே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆம் என்ற பதில் வந்தால், மாணவரை ஒரு நொடியும் தனியே விடாமல், பெற்றோரை அழைத்து, அவர்களிடம் நேரில் ஒப்படைத்து, அன்றே மருத்துவ உதவிக்கு வழிசெய்ய வேண்டும். விவசாயக் குடும்பமாயின் வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கவோ அகற்றவோ சொல்வது உயிர் காக்கும் செயல். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மறைக்கும் வழக்கத்துக்கும் இனி இடமில்லை: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு தண்டனையிலிருந்து காக்கிறது.

பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் பள்ளிக்குள் பேசி முடிப்பதற்கு எவருக்கும் அதிகாரமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மாணவியைத் திரும்பத் திரும்ப விவரம் கேட்காமல், அவள் சொன்ன சொற்களிலேயே ஒருமுறை எழுதிக்கொள்வது போதும்.

தேர்வு முடிவு வெளியாகும் நாள் தனிக் கவனத்துக்குரியது. தேர்ச்சி ஐயத்துக்குரிய மாணவர்களின் பட்டியல் வகுப்பாசிரியரிடம் முன்பே இருப்பதால், முடிவுக்கு முந்தைய நாளே அவர்களின் வீட்டுக்குப் பேசி, துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டிலேயே மேற்படிப்பில் சேர முடியும் என்பதைப் பெற்றோர், மாணவர் இருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். முடிவு வந்த அன்று தேர்ச்சி பெற்றவர்களுக்கு இனிப்பு வழங்குவதற்கு முன் தேர்ச்சி பெறாதவர்களின் வீட்டுக்கு அழைப்பு போக வேண்டும்.

பதிவும் மதிப்பீடும்

நலப் பொறுப்பாளர் பராமரிக்கும் குறிப்பேடு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அதில் உள்ளவை நடத்தைச் சான்றிதழுக்கோ மாற்றுச் சான்றிதழுக்கோ ஒருபோதும் பயன்படலாகாது. ஆண்டு முடிவில் எத்தனை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன, எத்தனை புகைப்படங்கள் அனுப்பப்பட்டன என்று எண்ணுவதால் பயனில்லை. திட்டமிட்ட உடற்கல்விப் பாடவேளைகளில் உண்மையில் நடந்தவை எத்தனை, மாணவியரின் மாதாந்திர விடுப்பு குறைந்ததா, யாரும் அனுப்பாமல் தாமாகவே பேச வந்த மாணவர்கள் எத்தனை பேர், பரிந்துரைக்கப்பட்டவர்களில் மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்னும் நான்கு எண்களே திட்டம் நடக்கிறதா என்பதைக் காட்டும். பிறர் துயரை நாள்தோறும் கேட்பவரும் களைத்துப்போவார் என்பதால், மாதம் ஒருமுறை பொறுப்பாளர்கள் இருவரும் தலைமை ஆசிரியரோடு அமர்ந்து பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது அவசியம்.

இவற்றுள் எதையும் தொடங்க ஆணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, புதிய கால அட்டவணை எழுதப்படும்போது, நலப் பொறுப்பாளர் இருவரின் பெயர்களும், அவர்களுக்கென ஒதுக்கிய பாடவேளைகளும், அவர்கள் அமரும் அறையும் அதில் இடம்பெறுமாறு தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஜூலைக்குப் பிறகு அட்டவணையில் இடம் கிடைப்பது அரிது.